கேரியரைப் பிடிக்க ஓர் ஆள்

எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் மூன்று வருடமாக ஒரு சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. மகள் பதினொன்றாம் வகுப்புப் படித்தபோது, 2017இல், பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. இரண்டு வருடம் அதில் போய் வந்தாள். அப்புறம் கல்லூரி பஸ் வந்தது, சைக்கிள் படிக்கு அடியில் போனது. கூடையில் பழைய செய்தித்தாள், ஹேண்டில்பாரில் ஈரத்துணி, சீட்டின் மேல் பக்கத்து வீட்டுப் பூனை. விற்கலாம் என்று ஒருமுறை கேட்டபோது பழைய இரும்புக்காரர் சொன்ன விலையில் ஒரு கிலோ மட்டன் வாங்க முடியாது. சரி, கிடக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

2022இல் எனக்குச் சுகர் வந்தது. வந்தது என்று சொல்வதைவிட, ஏற்கெனவே இருந்தது தெரியவந்தது என்பதே சரி. வயது நாற்பத்திரண்டு. கணக்குப் பார்க்கும் வேலை. காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையில் 8.6 வந்திருந்தது. அடுத்த ஆண்டு வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு, இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று சொன்னது. இவ்வளவு பெரிய கூட்டத்தில் நானும் ஒருத்தி என்று தெரிந்தபோது ஆறுதலாகவா இருந்தது, எரிச்சலாகவா என்று இன்றுவரை பிடிபடவில்லை.

மருத்துவர் மாத்திரை எழுதிவிட்டு, “தினமும் நடங்கம்மா” என்றார். நடந்தேன். மூன்றாவது வாரம் வலது முட்டி பிடித்துக்கொண்டது. அந்த முட்டி அம்மாவிடமிருந்து வந்த சீதனம். நடந்தால் முட்டி வலி, நடக்காவிட்டால் சுகர். இரண்டுக்கும் நடுவில் நான்கு மாதம் ஒன்றும் செய்யாமல் ஓடிப்போனது. அதற்குக் காரணம் முட்டி மட்டும் என்று சொன்னால் அது பொய்.

இதற்கிடையில் ஒரு சைக்கிள் குழுவோடு ஒரே ஒரு நாள் போய்ப் பார்த்தேன். எந்தக் குழு என்பது வேண்டாம். நல்லவர்கள்தான், ஆனால் அவர்கள் ஓட்டியது எழுபதாயிரம், லட்சம் விலைச் சைக்கிள்கள். உடம்போடு ஒட்டிய சட்டை, கறுப்புக் கண்ணாடி. போன் செயலியில் வேகத்தைப் பதிவு செய்து காலை எட்டு மணிக்குள் படம் போட்டுவிடுவார்கள். நான் மகளுடைய சைக்கிளில், கூடையோடு, சுடிதாரில். திருச்சி காவேரிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் அவர்களுடைய பின்விளக்குகூடக் கண்ணில் படவில்லை. அரை மணி நேரம் கழித்து ஒருவர் போன் செய்து, “எங்க இருக்கீங்க மேடம்?” என்று கேட்டார். மாம்பழச் சாலையில் டீக்கடையில் இருந்தேன். அங்கேயே இருந்துகொள்ளச் சொல்லிவிட்டார். அன்றோடு சைக்கிள் மறுபடியும் படிக்கு அடியில் போய்விட்டது.

அதை மறுபடி வெளியே எடுத்தவர் அம்மா. உடம்புக்கு நல்லது என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. ஊரிலிருந்து வந்தவர், பூனையை விரட்டிவிட்டுச் சைக்கிளைப் பார்த்தார். “இப்படி நல்ல வண்டிய நிறுத்தி வச்சிருக்கியே, இது இருந்திருந்தா நான் மெட்ராஸுக்கே போயிருப்பேன்டி” என்றார்.

அம்மாவின் ஊர் புதுக்கோட்டைப் பக்கம், கீரனூரிலிருந்து உள்ளே. அங்கே பால்வாடியில் ஆயா வேலை. பால்வாடி இருந்தது அடுத்த கிராமத்தில். நாலு கிலோமீட்டர் கப்பி ரோடு. காலையில் எங்களுக்குச் சமைத்து வைத்துவிட்டு நடந்து போவார், பிள்ளைகளுக்குச் சத்துமாவு கொடுத்துத் தூங்கவைத்துவிட்டு, சாயங்காலம் விறகு ஒரு கட்டு தலையில் ஏற்றிக்கொண்டு நடந்து வருவார். 1991இல் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் ஆரம்பித்தது. எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்க வந்த இயக்கம், வந்த வேகத்திலேயே சைக்கிளையும் கையில் எடுத்துக்கொண்டது. காரணம் ரொம்பச் சாதாரணமானது. பாடம் நடத்தும் பெண்கள் ஊர் ஊராகப் போகவேண்டும், பஸ் கிடையாது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அறிவொளித் தொண்டர்களுக்குச் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு ஏற்பாடானது. பயிற்சி முகாம்கள் நடந்தன, பாட்டே கட்டினார்கள். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐநூறு பெண்களுக்கு மேல் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டைத் தெருக்களில் வந்தார்கள். இயக்கம் தொடங்கிய ஒன்றரை வருடத்துக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகியதாகக் கணக்குச் சொன்னார்கள். கல் உடைக்கிறவர்கள், கூலி வேலைக்குப் போகிறவர்கள், நர்சுகள், டீச்சர்கள், பால்வாடி ஆயாக்கள்.

இதெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டது. எனக்கு நேராகத் தெரிந்த அறிவொளி, ஊர்க் கண்மாயில் நடந்தது. கோடையில் தண்ணீர் வற்றி, கண்மாயின் உள்பக்கம் சிமெண்டுத் தரை மாதிரி இறுகிக் கிடக்கும். நிலா வெளிச்சத்தில், ஆம்பிளைகள் சாப்பிட்டுப் படுத்த பிறகு, பத்துப் பதினைந்து பெண்கள் அங்கே போவார்கள். இரண்டே சைக்கிள், இரண்டும் வாடகை, இரண்டும் பார் வைத்த ஆம்பிளைச் சைக்கிள். பெண்கள் சைக்கிள் அப்போது மாவட்டம் முழுவதும் தட்டுப்பாடு. சேலையைக் கொசுவத்தோடு இழுத்துச் செருகிக்கொண்டு அம்மா ஏறுவார். பின்னால் பெரியம்மா பிடித்துக்கொண்டு ஓடுவார். விழுவார்கள். சிரிப்பு கண்மாய் முழுக்கக் கேட்கும். பன்னிரண்டு வயதுப் பெண்ணான எனக்கு வெட்கமாக இருந்தது. அம்மா இப்படிச் சத்தம் போட்டுச் சிரிப்பார் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ அம்மா கண்மாயைச் சுற்றி ஒரு முழு வட்டம் ஓட்டிக்கொண்டு வந்தார். நிறுத்தத் தெரியாமல் நேராகப் போய் கருவேல மரத்தில் மோதி நின்றார். முழங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது.

பிற்பாடு பெண்கள் சைக்கிள் கிடைத்தபோது அம்மா வேண்டாம் என்றார். பாரில் தம்பியை உட்காரவைக்கலாம், கேரியரில் என்னை, ஹேண்டில்பாரில் குடம். “அந்த பொம்பள சைக்கிள்ல என்ன இருக்கு? பாதி வண்டி” என்பார். அந்தக் காலத்தில் நிறைய அம்மாக்கள் இதையே சொல்லிப் பார் வைத்த வண்டியைத்தான் கேட்டார்களாம்.

அப்போது யாரும் இதை உடற்பயிற்சி என்று சொன்னதில்லை. நாளெல்லாம் கல் உடைக்கிறவளுக்கு என்ன உடற்பயிற்சி? அம்மாவுக்குக் கிடைத்தது நேரம். தலைச்சுமை குறைந்தது, கழுத்து வலி குறைந்தது, பஸ்ஸுக்கும் அடுத்தவர் துணைக்கும் காத்திருப்பது நின்றது. தம்பிக்குக் காய்ச்சல் வந்த ராத்திரியில் யார் வீட்டுக் கதவையும் தட்டாமல் கீரனூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இதையெல்லாம் ஆரோக்கியக் கணக்கில் சேர்க்கலாமா கூடாதா என்று யாராவது கேட்டால், சேர்க்காமல் பின்னே எதைச் சேர்ப்பது என்றுதான் நான் கேட்பேன்.

சரி, என் கதைக்கு வருகிறேன். அம்மா சொன்ன மறுநாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் முக்குக்கடை பாயிடம் விட்டேன். இரண்டு டயர், டியூப், பிரேக் கட்டை, செயின் மாற்றி, வீல் கோட்டம் எடுத்து, ஓவராயில் செய்து 1,350 ரூபாய் வாங்கினார். அப்போது எங்கள் பகுதி ஜிம்மில் ஒரு மாதக் கட்டணம் 1,500. பாய் முப்பது வருடமாகச் சைக்கிள் பார்க்கிறவர், இப்போது பைக் பஞ்சர்தான் அவருக்குச் சோறு. “ஊர்ல எல்லார் வீட்லயும் ஒரு கவர்மென்ட் சைக்கிள் நிக்குதும்மா. எல்லாரும் கொண்டு வந்தா நான் மாடி கட்டிடுவேன்” என்றார்.

அவர் சொன்னது வெறும் பேச்சில்லை. 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று ஆரம்பித்த இலவச சைக்கிள் திட்டம், சில ஆண்டுகளில் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்பு சேரும் எல்லோருக்குமாக விரிந்தது. ஆண்டுக்கு லட்சக்கணக்கில் வண்டி. கூட்டிப் பார்த்தால் உலகத்தில் பல நாடுகளில் இல்லாத சொத்து இது. அதில் எத்தனை இப்போது உருண்டுகொண்டிருக்கிறது, எத்தனை மாடிப்படிக்கு அடியில் நிற்கிறது? எங்கள் தெருவில் நானே எண்ணிப் பார்த்தேன். நாற்பது வீட்டில் இருபத்திரண்டு சைக்கிள். ஓடியது மூன்று.

அந்த இருபத்திரண்டிலிருந்துதான் எங்கள் குழு வந்தது. முதலில் நானும் எதிர்வீட்டு நர்ஸ் அக்காவும் மட்டும். காலை ஐந்தேகாலுக்குத் திருவானைக்காவலிலிருந்து கிளம்பி, கல்லணைச் சாலையில் திருவளர்ச்சோலை, பனையபுரம் வழியாக உத்தமர்சீலி வரை போய்த் திரும்புவது. ஒரு பக்கம் காவேரி, மறுபக்கம் வாழைத் தோட்டம். ஜூன் மாதம் மேட்டூரில் தண்ணீர் திறந்து அது இங்கே வந்து சேரும் நாள்களில் அந்தச் சாலையில் போகிறவர்களுக்கு மருந்தே வேண்டாம் என்று எழுத ஆசைதான். ஆனால் அந்த நாள்களில் கொசுவும் உண்டு, வாயைத் திறந்து மூச்சு விட்டால் ஒன்றிரண்டை விழுங்கவேண்டி வரும்.

மூன்று மாதத்தில் ஆறு பேர், இப்போது பதினான்கு. பூ கட்டி விற்கும் அக்கா, இரண்டு வங்கி ஊழியர்கள், தையல் கடைக்காரம்மா, ஒரு கல்லூரிப் பெண், அவளுடைய அத்தை. பெயர் வைக்கவில்லை, சட்டை அடிக்கவில்லை. வேகம் பதிவு செய்யும் செயலி யாராவது வைத்திருந்தால் அதைப் பற்றிப் பேசுவதில்லை. எங்களிடம் இருப்பது ஒரே விதி: கடைசியில் வருகிறவர் எந்த வேகத்தில் வருகிறாரோ அதுதான் எல்லோருக்கும் வேகம். முன்னால் போகிறவர் ஒவ்வொரு ஊர் எல்லையிலும் நின்று எண்ணிப் பார்க்கவேண்டும். இந்த விதியை எழுதியது மாம்பழச் சாலை டீக்கடையில் அரை மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்த ஒருத்தி.

மெதுவாகப் போனால் உடம்புக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்கிறவர்கள் உண்டு. என் கணவரே கேட்டார். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடம் முதல் 300 நிமிடம் வரை, மிதமான உழைப்பு. மிதம் என்பதற்கு எளிய அளவு: பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. எங்கள் கூட்டத்தில் பேச்சு ஒரு நாளும் நின்றதில்லை. பூக்கார அக்கா முதல் மாதம் பாடவும் செய்தார். கொஞ்சம் அழுத்தி மிதியுங்கள் என்று சொல்லவேண்டியிருந்தது. வாரம் ஐந்து நாள், நாளுக்கு ஒரு மணி நேரம். முந்நூறு நிமிடம், மேல் கணக்கையே தொட்டுவிடுகிறது.

இதில் உள்ளே நடப்பது என்ன என்பதை நர்ஸ் அக்காதான் எனக்குப் புரியவைத்தார். சாதாரணமாக ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை தசைக்குள் போக இன்சுலின் கதவைத் திறக்கவேண்டும். என்னைப் போன்றவர்களுக்கு அந்தக் கதவு துருப்பிடித்துவிட்டது. ஆனால் தசை சுருங்கி விரியும்போது, இன்சுலினுக்குக் காத்திராமல், அதுவே வேறொரு வழியில் கதவைத் திறந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. தொடையும் பிட்டமும் உடம்பின் பெரிய தசைகள். மிதிக்கும்போது வேலை செய்வது அவைதான். நிறுத்திய பிறகும் ஒரு நாள், ஒன்றரை நாள் வரை இன்சுலினின் பேச்சைத் தசை கொஞ்சம் நன்றாகக் கேட்கும். அதனால்தான் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் விடாதே என்கிறார்கள். இதைக் கேட்ட பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் ஓட்டிவிட்டு ஆறு நாள் ஓய்வெடுக்கும் யோசனையை விட்டுவிட்டேன்.

முட்டிக்கும் விடை கிடைத்தது. நடக்கும்போது ஒவ்வொரு எட்டிலும் உடம்பின் பாரம் முட்டியில் இறங்குகிறது. சைக்கிளில் பாதிப் பாரத்துக்கு மேல் சீட்டு வாங்கிக்கொள்கிறது. அப்படியும் முதல் மாதம் எனக்கு வலித்தது. பாய் ஒரு நாள் நான் ஓட்டுவதைப் பார்த்துவிட்டு, “சீட்ட ஏத்துங்கம்மா” என்றார். நம் ஊரில் பெண்கள் எல்லோரும் சீட்டைத் தாழ்த்தி வைத்துத்தான் ஓட்டுகிறோம், உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் படவேண்டும் என்று. அப்படி ஓட்டினால் முட்டி கடைசிவரை மடங்கியே இருக்கும், வலிக்காமல் என்ன செய்யும்? பெடல் கீழே வரும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீளவேண்டும். அதுதான் சரியான உயரம். முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முட்டி லேசாக மட்டும் மடங்கும். அன்று பாய் சீட்டை மூன்று விரல்கடை ஏற்றினார். நிற்கும்போது பக்கவாட்டில் சாய்ந்து ஒரு காலை ஊன்றப் பழக ஒரு வாரம் ஆனது. முட்டி வலி அதற்குப் பிறகு வரவில்லை. இத்தனை நாள் சைக்கிளை வேண்டாம் என்று ஒதுக்கிய எத்தனை பேருக்கு இந்த ஒரு நட்டைத் தளர்த்தினால் போதுமோ!

குறையையும் சொல்லவேண்டும். பாரத்தைச் சீட்டு வாங்கிக்கொள்வதால் எலும்புக்கு இதில் பெரிய பலன் இல்லை. மாதவிடாய் நிற்கும் வயதில் இருக்கும் எங்களுக்கு அது முக்கியம். அதனால் வாரத்தில் இரண்டு நாள் நடக்கவும் செய்கிறோம். இன்னொன்று, சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெறும் வயிற்றில் மிதித்தால் சிலருக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். தையல் கடைக்காரம்மாவுக்கு ஒரு நாள் பனையபுரத்தில் கை நடுங்கி, வேர்த்து, கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. யாரோ கடலை மிட்டாய் கொடுத்தார்கள். அவசரத்துக்கு அது உதவாது, கடலையில் இருக்கும் எண்ணெய் சர்க்கரையை மெதுவாகத்தான் விடும். பக்கத்து வீட்டில் சர்க்கரை வாங்கித் தண்ணீரில் கரைத்துக் கொடுத்த பிறகுதான் தெளிந்தார். அன்றிலிருந்து எல்லோர் கூடையிலும் குளுக்கோஸ் பொட்டலம் உண்டு. அந்தம்மா மருத்துவரைப் பார்த்து மாத்திரை நேரத்தையும் மாற்றிக்கொண்டார்.

பத்து மாதத்தில் என் எச்.பி.ஏ.1.சி. 7.1க்கு வந்தது. சைக்கிள்தான் குறைத்தது என்று சத்தியம் செய்யமாட்டேன். ராத்திரி சோறும் குறைந்திருந்தது, மாத்திரையும் விடவில்லை. சென்னையில் வேலை பார்க்கும் மகள், 2017இல் பிரிட்டனில் வந்த ஓர் ஆய்வை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். இரண்டரை லட்சம் பேருக்கு மேல் கவனித்ததில், வேலைக்குச் சைக்கிளில் போகிறவர்களிடம் சாவு ஆபத்து 41 சதவீதம் குறைவாக இருந்ததாம். “ஏற்கெனவே திடமா இருக்கறவங்கதானடி சைக்கிள்ல போவாங்க?” என்று கேட்டேன். “அதையும் கணக்குல எடுத்துக்கிட்டுத்தான்மா பார்த்திருக்காங்க” என்றாள். இருந்தாலும் முழுதாக நம்ப முடியவில்லை. எனக்குத் தெரிந்த கணக்கு வேறு. தனியாக நடக்கப்போக மனம் வராமல் நான்கு மாதம் சும்மா கிடந்தவள், இரண்டரை வருடமாகக் காலை நாலரைக்கு எழுந்திருக்கிறேன். மன உறுதி ஒன்றும் கூடிவிடவில்லை. ஐந்தேகாலுக்கு வாசலில் நர்ஸ் அக்கா இரண்டு தடவை மணி அடிப்பார். நான் போகாவிட்டால் மூன்றாவது தடவை அடிப்பார், தெரு நாய்கள் எழுந்துவிடும், தெருவும் எழுந்துவிடும்.

ரோட்டைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. லாரிக்காரர் ஹார்ன் அடித்தால் மண்ணில் இறங்கவேண்டியது நாங்கள்தான். பிள்ளைகளுக்கு லட்சம் லட்சமாகச் சைக்கிள் கொடுக்கிற மாநிலம், அது ஓட ஒரு முழம் பாதையை எங்கேயும் ஒழுங்காக விடவில்லை. ஒரு மார்கழி விடியலில் மூடுபனியில் மணல் சறுக்கி நானே விழுந்திருக்கிறேன். பின்னால் சிவப்பு விளக்கு, ஒளிரும் பட்டை, தலைக்கவசம், ஒருவர் பின் ஒருவர். இவை இல்லாமல் யாரையும் கூட்டிப்போவதில்லை. ஆடிப்பெருக்கு அன்றைக்கு விடுமுறை. அன்று காவேரிக் கரைச் சாலை சைக்கிளுக்கு ஆகாது.

ஆனால் ரோடும் காசும் இரண்டாவது தடைதான். முதல் தடை எது என்று டீச்சர் வந்தபோது தெரிந்தது. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், வயது அறுபத்தொன்று, கணவர் போன பிறகு தனியாக இருக்கிறார். தினமும் நாங்கள் திரும்பி வரும் நேரத்துக்குக் கோலம் போட்டுக்கொண்டிருப்பார். ஒரு நாள் நிறுத்தி, “எனக்கு ஓட்டத் தெரியாது” என்றார். மெதுவாக, பக்கத்து வீட்டுக்குக் கேட்காதபடி. ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு அல்ஜீப்ரா நடத்தியவர். சின்ன வயதில் அண்ணன் ஓட்டினார், இவருக்குக் கொடுக்கவில்லை. பிறகு கேட்க வயது போய்விட்டது. அவ்வளவுதான் கதை. சைக்கிள் வாங்கக் காசு இல்லாமல் இல்லை. விழுந்தால் யாராவது பார்ப்பார்கள் என்பதுதான்.

பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுக்க நல்ல வழி, பெடலைக் கழற்றிவிடுவது. சீட்டைத் தாழ்த்தி, இரண்டு காலும் தரையில் படும்படி வைத்து, உந்தி உந்தி நகரவேண்டும். முதலில் சமநிலை வரட்டும், மிதிப்பது அப்புறம். பாய்க்கு இது பிடிக்கவில்லை. “பெடல் இல்லாம என்னம்மா சைக்கிள்?” என்று முணுமுணுத்தபடி கழற்றினார். நானே கழற்றிப் பார்க்கிறேன் என்று இடது பக்கத்தில் ஸ்பேனரை வைத்து இழுத்தேன், வரவேயில்லை. பாய் சிரித்தார். இடது பெடலுக்கு மரை மாற்றுப் பக்கம். மற்ற எல்லா நட்டையும் இறுக்கும் திசையில்தான் அதைத் திருப்பவேண்டும். இல்லாவிட்டால் மிதிக்க மிதிக்கத் தானே கழன்று விழுந்துவிடுமாம். நாற்பத்து மூன்று வயதில் தெரிந்துகொண்டேன்.

கரையோரம் ஒரு திடல். சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல், வெளிச்சம் போன பிறகு. நேரத்தைத் தேர்ந்தெடுத்தது டீச்சர். ஐந்து நாள் உந்தினார். ஆறாம் நாள் பெடலை மாட்டினோம். நான் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடினேன், வண்டி கோணிக்கொண்டே போனது, டீச்சர் கத்தினார், நானும் கத்தினேன். அன்றைக்கு ஊரிலிருந்து வந்திருந்த அம்மா ஓரத்தில் கல் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏய், கேரியரப் புடிச்சா வண்டி ஒன் பக்கந்தான் சாயும். சீட்டுக்கு அடியில புடி. அவங்களக் கீழ பாக்கச் சொல்லாத, தூரத்துல அந்த வெளக்கப் பாக்கச் சொல்லு.”

மாற்றிப் பிடித்தேன். டீச்சர் கொள்ளிடப் பக்கம் தெரிந்த விளக்கைப் பார்த்தார். வண்டி நேராகப் போனது.

“எத்தன பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கம்மா?” என்று வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். அம்மா விரல்விட்டு எண்ணினார். பெரியம்மா மகள், மேலத்தெரு சமையல்காரம்மா, கல்லு வேலைக்குப் போன இரண்டு பேர், அதில் ஒருத்தி அப்போது ஏழு மாதம், விழக்கூடாது என்று நான்கு பேர் சுற்றிப் பிடித்துக்கொண்டார்களாம். பதினேழோடு நிறுத்திவிட்டார். “பேரு மறந்துபோச்சு.” இத்தனை வருடத்தில் இதை அவர் என்னிடம் சொன்னதில்லை, நான் கேட்டதும் இல்லை.

டீச்சர் பதினெட்டு நாளில் திடலை விட்டுத் தெருவுக்கு வந்தார். பகலில் வர இன்னும் ஒரு மாதம். இப்போது குழுவில் கடைசியாக வருகிறவர் அவர்தான்; ஆகவே பதினான்கு பேரின் வேகத்தையும் அவரே வைத்திருக்கிறார். பிரஷர் மாத்திரை பாதியாகிவிட்டது என்று அவர் யாரிடமும் சொல்வதில்லை. மார்க்கெட்டுக்குத் தனியாகப் போய் வெண்டைக்காய் வாங்கி வந்ததைத்தான் மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

போன வாரம் உத்தமர்சீலி டீக்கடையில் நின்றோம். டீ மாஸ்டரின் மனைவி கிளாஸ் கழுவிக்கொண்டே எங்கள் வண்டிகளைப் பார்த்தார். மாஸ்டர் பால் வாங்க உள்ளே போனதும் என் பக்கத்தில் வந்தார்.

“அக்கா, நீங்க சொல்லிக் குடுப்பீங்களாமே? இருட்டுலதான் வர முடியும்.”

அவருடைய மகன் வாங்கிய வண்டி வீட்டில் நிற்கிறதாம், நீலக் கலர், கோழி ஏறி உட்கார்ந்துகொள்கிறதாம். செவ்வாய்க்கிழமை ஏழு மணி என்று சொல்லிவிட்டு வந்தேன். டீச்சர் இந்தத் தடவை தானே பிடிக்கப்போவதாகச் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே பாயிடம் போய் ஸ்பேனர் கேட்டேன், பெடலை நானே கழற்றிக்கொள்கிறேன் என்று. கொடுத்துவிட்டுக் கடைக்குள்ளிருந்தே கத்தினார்:

“எடது பக்கம் எப்படித் திருப்பணும்னு ஞாபகம் இருக்குல்ல?”